பாம்பாற்றங்கரையில் ஆறுமணிக்குருவி

வெள்ளி, சின்னாறு

உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ் ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் குளிர்ந்த காற்று வரும் என்று ஊரில் சொல்வார்கள். சித்திரை பிறக்கப் போகும் இந்த வாரத்தில் அது பொய்த்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். சாலையின் இரு புறமும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதி வனச்சரகம். வெள்வேலும் கிளுவையும் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கிளைகளாக நிற்கின்றன. சரக்கொன்றை மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் விஷுக் கணிக்கு இந்தப் பூ இல்லாமல் முடியாது.

சின்னாற்றுப் பாலம்தான் எல்லை. கடந்தால் இடுக்கி மாவட்டம், சின்னாறு வனவிலங்கு சரணாலயம். 1984-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 90.44 சதுர கிலோமீட்டர். கேரளம் என்றாலே அடைமழையை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த இடம் வியப்பாக இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. அதனால் மலைச்சரிவெல்லாம் முட்காடு. ஆற்றின் இரு கரையில் மட்டும் அடர்ந்த மரங்கள். கோடையில் அந்தப் பச்சைக் கோடுதான் காட்டின் உயிர்நாடி. யானையும் அங்கேதான், குருவியும் அங்கேதான்.

நான் வந்திருப்பது அந்தக் குருவிக்காக. ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலையின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, மழைக்காலம் முடிந்ததும் தெற்கே கிளம்பி, நம் தமிழகம், கேரளம், இலங்கை என்று பரவி, பனிக்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரல், மே வாக்கில் திரும்பிப் போகும் பறவை. வெயில் ஏறி, புதர்கள் காய்ந்து, ஈரம் ஆற்றங்கரையோடு சுருங்கிவிடும் இந்த வாரங்கள்தான் அதைத் தேட ஏற்றவை. இன்னும் கொஞ்சம் நாள் போனால் கிளம்பிவிடும்.

என்னோடு தம்பி மகன் வந்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு. கையில் கோடு போடாத நோட்டும் வண்ணப் பென்சில்களும். பறவையைப் போட்டோ எடுப்பதைவிட வரைந்து பழகு என்று நான்தான் சொல்லி வளர்த்தேன். வரைகிற கண் தப்பவிடாத விவரங்கள் கேமராக்காரர்களுக்குப் பல நேரம் தப்பிவிடுகின்றன.

சோதனைச் சாவடிக்கு எதிரிலுள்ள கடையில் கட்டன் சாயாவும் பழம்பொரியும். வனத்துறை ஏற்பாடு செய்த வழிகாட்டி அங்கேயே வந்து சேர்ந்தார். முதுவர் குடியைச் சேர்ந்தவர். குருவியின் பெயரைச் சொன்னதும் ஒரே கேள்வி கேட்டார்: “பார்க்க வேண்டுமா, கேட்டால் போதுமா அக்கா?”

பார்க்க வேண்டும் என்றேன்.

“அப்படியானால் நாளை நடக்கக் கூடாது. உட்கார வேண்டும்.”

மாலை 6.30-ஐ ஒட்டி, குடிலின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ஆற்றுப் பக்கமிருந்து கேட்டுவிட்டது. இரண்டே சுரம். முதல் சுரம் நீண்டு மேலே ஏறும், இரண்டாவது சட்டென்று கீழே இறங்கும். வீஈட்… ட்யூ. சிறிது இடைவெளி விட்டு மறுபடியும். அந்தி மங்கி, பறவை எங்கே என்று கண் தேட முடியாத நேரத்தில்தான் இது வாய் திறக்கிறது. விடியலிலும் இப்படியே. பகலில் பெரும்பாலும் மௌனம். கூவியது ஐந்து நிமிடம் கூட இருக்காது. அதற்குள் மயில் அகவல் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நாளை விடியலில் ஆற்றங்கரை.

சனி, காலை

5.45-க்குக் கிளம்பினோம். டார்ச் வெளிச்சத்தில் யானைப் பிண்டம் ஈரமாகவே கிடந்தது. வழிகாட்டி நின்று, காது கொடுத்துக் கேட்டு, சுற்றுப்பாதையில் அழைத்துப் போனார். இந்தக் காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் நடக்க அனுமதி இல்லை. அனுமதித்தாலும் நடக்கக் கூடாது.

கூட்டாற்றுக்கு அருகே, சின்னாறும் பாம்பாறும் சேரும் பக்கம் இறங்கினோம். கேரளத்தின் ஆறுகள் எல்லாம் மேற்கே அரபிக்கடலுக்குப் போக, கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. இங்கே ஓடும் தண்ணீர்தான் கீழே நம் அமராவதி அணைக்கு வருகிறது. இப்போது பாறைகளுக்கு நடுவே முழங்காலளவு. கரையில் நீர்மருது, காட்டுமா, புங்கம், அத்தி. நீர்மருதின் வெளுத்த அடிமரங்கள் இருட்டிலும் தெரிந்தன. புங்கம் பூத்து, தரையெங்கும் பொரி தூவியதுபோல உதிர்ந்து கிடந்தது.

வழிகாட்டி ஓர் இடத்தைக் காட்டினார். இரண்டு மரங்களுக்கு நடுவே கணுக்கால் அளவுச் சருகு. அடியில் கையை விட்டுப் பார்த்தால் குளிர்ச்சியான மண். பெரிய நீர்மருதின் வேர் மேடு நமக்கு மறைவு. “இங்கே உட்காருங்கள். நம்மைத் தேடி வராது, தன் வேலையைத் தேடி வரும்.”

கூவல் 6.05-க்கு ஆரம்பித்தது. அக்கரையில் ஒன்று, நமக்குப் பின்னால் மேட்டில் இன்னொன்று. பையன் குரல் வந்த திசையை நோக்கிப் பைனாகுலரைத் தூக்கினான். நான் அவன் கையைத் தாழ்த்தினேன். கூவும்போது தாழ்ந்த கிளையில் நிற்கும், கூவி முடித்ததும் தரைக்கு இறங்கிவிடும். அதனால் கண் தரையில் இருக்க வேண்டும்.

முதலில் வந்தது கொடிக்கால் வாலாட்டி. இதுவும் வடக்கிலிருந்து வருகிற விருந்தாளிதான். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். பிறகு ஒரு மரகதப் புறா, இறக்கையில் பச்சை மின்ன, நிதானமாக நடந்து வந்து புதருக்குள் போயிற்று. அதைப் பார்த்துப் பையனுக்கு மூச்சே நின்றுவிட்டது. “அதுதானா அத்தை?” என்று உதடு மட்டும் அசைந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. வெளிச்சம் மெல்ல மெல்லச் சருகின் மேல் இறங்கியது.

ஒரு காய்ந்த மாவிலை தானாக எழுந்து, புரண்டு, விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எங்களிடமிருந்து பத்து அடிக்குள். காற்று இல்லை. மூன்றாவது இலை புரண்டபோது அதன் பின்னாலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது.

தலைதான் முதலில் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். உச்சியின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. அதன் இரு பக்கமும் இளம் பழுப்பு. அதற்குக் கீழே, அலகின் அடியில் தொடங்கிக் கண்ணை மூடிக்கொண்டு பிடரிவரை போகும் அகலமான கறுப்புப் பட்டை. கண்ணுக்கு மேலே மெல்லிய வெள்ளை. தொண்டை தூய வெள்ளை. மரநிழலில் உடம்பின் நிறங்கள் ஒன்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. இந்தக் கோடுகள் மட்டும் துல்லியமாக இருந்தன. இருட்டுக் காட்டில் இந்தப் பறவையை அடையாளம் காட்டுவது அதன் புகழ்பெற்ற நிறங்கள் அல்ல, தலையிலுள்ள இந்தக் கறுப்பும் வெள்ளையும்தான். படங்களை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது.

அது தத்தியது. நடக்கவில்லை, தத்தியது. நீண்ட, வெளிறிய ரோஜா நிறக் கால்கள். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து மண்ணைப் பார்த்தல். பிறகு அலகால் ஓர் இலையைப் பற்றி, பக்கவாட்டில் எறிதல். நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் போயிற்று. வால் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சிறியது. மொத்த நீளமே சுமார் 19 சென்டிமீட்டர்.

அப்போது கிளைகளின் இடைவெளி வழியாக ஒரு துண்டு வெயில் சருகின் மேல் விழுந்தது. பறவை அதற்குள் தத்தி வந்தது. முதுகு சட்டென்று பச்சையாகிவிட்டது. தோள்பட்டையில் ஒரு நீலம் பற்றிக்கொண்டது; வானத்தின் நீலமோ மயில் கழுத்தின் நீலமோ அல்ல, வெளிறியும் ஒளிர்ந்தும் இருக்கும் தனி நீலம். அதே நீலம் வாலடிக்கு மேலேயும். மார்பும் வயிறும் மஞ்சள் கலந்த இளம் பழுப்பு. எதையோ கேட்டு நிமிர்ந்து நின்றபோது அடிவயிற்றிலிருந்து வாலுக்குக் கீழ் வரை குங்குமச் சிவப்பு. அந்தச் சிவப்பு அது குனிந்து மேயும்போது தெரியவே தெரியாது.

ஒரு வெள்ளைப் புழு அகப்பட்டது, வண்டின் புழுவாக இருக்கலாம். அதை உடனே விழுங்கவில்லை. தரையில் வைத்து, அலகால் இரண்டு மூன்று தடவை கொத்தி, மறுபடி எடுத்து, தலையை உயர்த்தி விழுங்கியது. பிறகு அலகை ஒரு வேரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்தது. பத்து அடித் தூரத்தில், பைனாகுலர் இல்லாமலே, அதன் கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பில் கண்மணியின் ஈரப்பளபளப்பைப் பார்த்தேன்.

பையனின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. வழிகாட்டி பறவையைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே சாம்பல் நிற மலை அணில் ஒன்று கிளையிலிருந்து கிளைக்குத் தாவி, காய்ந்த குச்சி விழுந்தது. ஆறுமணிக்குருவி தரையோடு தரையாக, அம்பு மாதிரி நேராகப் பறந்து போய்விட்டது. பறந்தபோது இறக்கை நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சிட்டது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு இந்தப் பறவை காட்டும் ஒரே அடையாளம் அந்த வெள்ளைதான்.

சனி, மதியமும் மாலையும்

வெயிலுக்குக் குடிலில் அடைந்து, பையனின் நோட்டை வைத்துப் பேசினோம். முதன்முதலாகத் தேடுகிறவர்களுக்காக அதில் சிலவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

நல்ல செய்தி, இந்தக் குடும்பத்தில் நம் பக்கம் வருவது இது ஒன்றுதான். ஒடிசாவின் பிதர்கனிகா, வங்கத்தின் சுந்தரவனம் போன்ற அலையாத்திக் காடுகளில் இதன் உறவுக்காரன் ஒன்று உண்டு, வடகிழக்கில் வேறு சில உண்டு. தெற்கே அந்தக் குழப்பம் இல்லை. குழப்புவது வேறு பறவைகள். நீலம் மட்டும் கண்ணில் பட்டு மறைந்தால் மீன்கொத்தியாக இருக்கலாம். பச்சை மட்டும் தெரிந்தால் மரகதப் புறா. சருகைப் புரட்டுகிற ஓசை கேட்டால் செந்தலைப் பூங்குருவியாகவும் இருக்கலாம். அதுவும் இதே நிழலில், இதே தரையில் மேய்வதுதான், ஆனால் தலையும் வயிறும் ஆரஞ்சு நிறம், வால் முழு நீளம். குரலை நம்பிப் போனால் துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளைப் போலக் கூவி நம்மை இழுத்தடிக்கும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் என்பதால் எது எது என்று சொல்ல முடியாது. அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பைனாகுலர் 8×42 அளவில், அதாவது எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையுமாக இருந்தால் நல்லது. அதிகம் பெருக்கிக் காட்டுவது முக்கியமல்ல, நிழலில் வெளிச்சத்தை வாங்கித் தர வேண்டும்.

பையன் கேட்டான்: “இவ்வளவு அழகான பறவைக்கு இரண்டு சுரம்தானா அத்தை? புல்புல் எவ்வளவு விதமாகப் பாடுகிறது!” நல்ல கேள்வி. பாடும் பறவைகள் என்று நாம் சொல்கிற புல்புல், குண்டுக்கரிச்சான், வானம்பாடி எல்லாம் குஞ்சிலேயே மூத்தவற்றைக் கேட்டுப் பாட்டைக் கற்கின்றன. ஆறுமணிக்குருவியின் குடும்பம் அந்தக் கிளையிலிருந்து வெகு காலம் முன்பே பிரிந்தது. மரத்தில் பற்றி அமரும் கால் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் குரல்வளை அமைப்பு வேறு. இந்தக் கிளையில் கூவல் பொதுவாகப் பிறவியிலேயே வருவது. சின்னாற்றில் கூவுகிற இந்த இரண்டு சுரத்தை ஜூன் மாதம் மத்தியப் பிரதேசக் காட்டிலும் கேட்கலாம். 1766-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது காக்கைகளோடு சேர்த்துவிட்டார். பிறகுதான் தனிக் குடும்பம் என்று தெளிவாயிற்று. இந்தியில் நவரங், அதாவது ஒன்பது நிறம், என்பார்கள். பையன் தன் படத்தில் நிறங்களை எண்ணிப் பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டான்.

மாலையில் நடந்ததை எழுத வேண்டும். எழுதாமல் விட மனம் வரவில்லை.

அதே ஆற்றங்கரைக்கு, வேறொரு பகுதிக்கு, பெரிய லென்ஸ்களோடு ஒரு குழு வந்திருந்தது. அவர்களில் ஒருவர் செல்போனில் இந்தக் குருவியின் கூவலை ஒலிக்கவிட்டார். ஒரு நிமிடம் ஆகவில்லை, பறவை வந்துவிட்டது. தாழ்ந்த கிளையில் நிமிர்ந்து நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, கூவியது. போன் பதில் கூவியது. பறவை வேறு கிளைக்குப் போய்க் கூவியது. மறுபடி போன். கேமராக்கள் பொரிந்து தள்ளின. காலையில் நாங்கள் பார்த்த அந்த அமைதியான மேய்ச்சல் எங்கே, இந்தத் தவிப்பு எங்கே?

எனக்கு வயிறு எரிந்தது. பனிக்காலம் முழுவதும் ஒரு பறவை ஒரு சிறு நிலத்துண்டைத் தன்னுடையது என்று காத்துக்கொண்டிருக்கிறது. அதில் இன்னொரு குரல் கேட்டால், போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்றுதான் அதற்குப் புரியும். விரட்டப் பார்க்கும். அந்த நேரமெல்லாம் அது புழுவைத் தேடியிருக்க வேண்டிய நேரம். ஏப்ரல் மாதம் என்றால், பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் மாதம். இரவில் பறந்து போகிற பறவை இது. வருகிறபோதும் போகிறபோதும் களைத்துப்போய், வீட்டு விளக்கில் மயங்கிச் சுவரில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவிகளை நம் ஊர்களில் எடுத்தவர்கள் நிறைய. அப்படிப்பட்ட பயணத்துக்குத் தயாராகும் உயிரின் சாப்பாட்டு வேளையைப் படத்துக்காகக் கெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கூவலை ஒலிக்கவிட்டு அழைத்துப் பார்க்கிற பறவையை நான் பார்த்ததாகவே எழுத மாட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் வழிகாட்டி போய்விட்டார். அவர்களுடைய வழிகாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு போன் வைத்திருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: “சார், அது சண்டைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைக்கிறது. இருட்டுவதற்குள் இன்னும் கொஞ்சம் தின்ன வேண்டும். விடுங்கள்.”

அவர் உடனே நிறுத்திவிட்டார். மன்னிப்பும் கேட்டார். நிறையப் பேருக்கு இது தெரியாமல்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். யாரும் சொல்லித் தருவதில்லை.

ஞாயிறு, மறையூர்

பஸ்ஸில் மேலேறி மறையூர். சந்தனக் காட்டின் கம்பிவேலி, ஒவ்வொரு மரத்துக்கும் எண், காவலர்கள். பாறைமேட்டில் முனியறைகள், கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள். கரும்புத் தோட்டத்து ஆலைகளில் வெல்லம் காய்ச்சும் மணம். 2019-இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டை இரண்டு வாங்கி ஒன்றை வழியிலேயே தின்றுவிட்டோம்.

அஞ்சுநாடு என்று சொல்லப்படும் இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான் வீட்டுமொழி. தங்கும் விடுதியின் பின்னால் ஒரு கிணறு, நான்கைந்து பலாமரம், ஒரு காப்பிப் பாத்தி. ஒரு பாட்டி சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கப் போனார். எங்கள் கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“இது கிணற்றுமேட்டுக் குருவி அல்லவா? விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூவும். ஐப்பசியில் வரும், கொன்றை பூத்தால் போய்விடும்.”

இந்த வருடம் வந்ததா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். தை மாதம் வரைக்கும் கேட்டதாம், அப்புறம் கேட்கவில்லையாம். நான் சருகுக் குவியலைப் பார்த்தேன். “தை மாதம்தான் இங்கே எல்லாவற்றையும் சுத்தம் செய்தோம்” என்று அவரே சொன்னார்.

ஒரு தோட்டத்தில் ஒரு வருடம் நடந்ததை வைத்து நான் சட்டம் எழுத மாட்டேன். ஆனால் நேற்று அந்தப் பறவை தின்றதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவள் நான். மண்புழு, வண்டுப்புழு, நத்தை, பூச்சி, எல்லாமே சருகுக்கு அடியில். மேலே காயும் சருகு அடியில் ஈரத்தைக் காக்கிறது. அந்த ஈரம் இருக்கும்வரைதான் அதற்குச் சாப்பாடு. சருகு போனால் ஒரே வாரத்தில் மண் இறுகிவிடும். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து சாலையோரச் சருகை வனத்துறை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது அவசியம். காடு பிழைத்திருப்பதே அதனால்தான். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில், வாய்க்கால் ஓரத்தில் கிடக்கும் சருகு வேறு. உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர்களுக்கு இதைத்தான் எத்தனையோ முறை சொல்லி வருகிறேன். ஒரு மூலையை மட்டும் கூட்டாமல் விடுங்கள், நிழலான மூலையாகப் பார்த்து விடுங்கள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை விட்டாலே போதும்.

பாட்டி குவியலைக் கொளுத்தவில்லை. அந்தச் சருகைப் பலாமரத்தடிக்கே திரும்பத் தள்ளச் சொன்னார். பையனும் நானும் தள்ளினோம்.

மாலை 4 மணிக்குச் சின்னாற்றுக்குத் திரும்பும்போதே மேற்கே இடி. இரவு 8 மணிக்குக் கோடைமழை பிடித்து ஒரு மணி நேரம் கொட்டியது. மண்வாசனை அறைக்குள் வந்துவிட்டது. வழிகாட்டி போனில் சொன்னார்: “நாளை விடியலை மட்டும் விட்டுவிடாதீர்கள் அக்கா.”

திங்கள், ஆற்றங்கரை

அவர் சொன்னது சரிதான். மழைக்கு மறுநாள் இந்தக் காடு வேறு காடு.

சருகு நனைந்து சத்தமில்லாமல் கிடந்தது. இலை புரளும் ஓசை இன்று கேட்காது, கண்ணை மட்டும்தான் நம்ப வேண்டும். கூவல் அதிகமாகக் கேட்டது. மூன்று திசையிலிருந்து, ஒன்று நிறுத்தினால் இன்னொன்று. 6.15-க்குச் சூரியன் வரும்வரை ஓயவில்லை.

பிறகு நீர்மருதின் அடியில் எங்கள் பறவை. சனிக்கிழமை பார்த்தது அதே பறவைதான் என்று சொல்ல என்னிடம் வளையமோ குறியோ இல்லை. அதே இடம், அதே வழக்கம். இன்று அதற்கு அவசரம். மண்புழுக்கள் மேலே வந்திருந்தன. ஒன்றை இழுத்தபோது புழு மண்ணைப் பிடித்துக்கொண்டது, பறவை கால்களை அகல ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தது. அறுபடாமல் முழுதாக வந்தது. விழுங்கிவிட்டு உடனே அடுத்தது. பக்கத்தில் அத்திவேரில் தவளைக்குஞ்சு ஒன்று தாவியபோது திரும்பிப் பார்த்ததோடு சரி. வயிறு உருண்டு, சனிக்கிழமையைவிடக் குண்டாகத் தெரிந்தது. இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்ததாலும் இருக்கலாம். பையன் நோட்டில் “நல்ல சாப்பாடு” என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் ஆற்றின் நடுப்பாறைக்கு மேல் வெள்ளை நாடா ஒன்று நெளிந்து வந்தது. அரசவால் ஈப்பிடிப்பான், முழு வளர்ந்த ஆண். கறுப்புத் தலை, பால் வெள்ளை உடம்பு, உடம்பைவிட நீண்ட இரண்டு வால் இறகுகள். தண்ணீரில் மார்பை ஒரு முறை அடித்துவிட்டுக் கிளைக்குப் போய் உதறிக்கொண்டது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு பதிவு முழுவதும் எழுதியிருப்பேன். மாங்குயில் ஒன்றும் எங்கோ கூவிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு உடுமலை பஸ். வனத்துறைப் பதிவேட்டில் பறவைகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தோம். வழிகாட்டியிடம் கேட்டேன், இவை இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

“மழை இன்னும் இரண்டு பெய்தால் போய்விடும். ஒரு நாள் இரவு கிளம்பும், மறுநாள் காலை கூவாது. அவ்வளவுதான்.”

அவை வடக்கே போய்ச் சேரும்போது அங்கே வெயில் உச்சத்தில் இருக்கும். ஜூனில் மழை எட்டியதும் மத்திய இந்தியாவில் கூடு கட்டத் தொடங்கும். இன்னும் வடக்கே ஜூலையில். காய்ந்த இலையும் புல்லும் வேரும் வைத்துப் பின்னிய உருண்டைக் கூடு, பக்கவாட்டில் வாசல், தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருக்கும். நான்கைந்து முட்டை. அங்கேயும் சருகு வேண்டும்.

இந்த வாரமும் அடுத்த வாரமும் நேரம் கிடைப்பவர்கள் போகலாம். வழிகாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விடியலுக்கு முன் ஆற்றங்கரையில் உட்கார்ந்துவிடுங்கள், வெளிர்நிறச் சட்டை வேண்டாம், போனை அணைத்துவிடுங்கள். முதுவர் அண்ணன் ஐப்பசியில் முதல் கூவல் கேட்ட அன்றே போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். பையன் இப்போதே தன் பள்ளி மாமரத்தடியில் ஒரு மூலையைக் கூட்டாமல் விடச் சொல்லித் தலைமையாசிரியருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறான். படத்தையும் இணைக்கப் போகிறானாம்.